விடிய விடிய எடுத்த கூத்தை வெட்டிக் கொடுக்கும் வழி

இரவு பத்து மணிக்குக் களரி கட்டினால் விடியும்வரை நடப்பது தெருக்கூத்து. அதை முழுதாகப் படம் பிடித்தால் ஏழு, எட்டு மணி நேர வீடியோ சேர்ந்துவிடும். செய்யாறு, வந்தவாசி பக்கத்து ஊர்களில் பங்குனி தொடங்கி ஆடி முடியும்வரை எனக்கு இதுதான் வேலை. படம் பிடிப்பதைவிட, பிடித்ததை வெட்டிக் கொடுப்பதையே நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் வெட்டாத எட்டு மணி நேரத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கர்ணன் வேஷம் கட்டியவர் தன் மகளிடம் காட்ட ஆசைப்படுவது, தான் திரைக்குப் பின்னாலிருந்து பாடி வெளியே வரும் அந்தப் பத்து நிமிடத்தை. அடுத்த ஊர் விழாக் குழுவினர் வெற்றிலை பாக்கு வைத்து குழுவை அழைப்பதற்கு முன்பு பார்க்க நினைப்பதும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான். அது மெமரி கார்டின் நடுவில் எங்கேயோ கிடந்தால், எடுக்காமல் விட்டதற்குச் சமம்.

இந்த வேலைக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்று நினைத்துப் பல தம்பிகள் தயங்குகிறார்கள். வெறும் வெட்டுக்கும் ஒட்டுக்கும் அதெல்லாம் தேவையில்லை. நான் பயன்படுத்துவது இரண்டே இரண்டு மென்பொருள்: லாஸ்லெஸ்கட், ஷாட்கட். உங்களிடம் இருப்பது கூத்து இல்லை, பள்ளி ஆண்டு விழா, கபடிப் போட்டி, பட்டிமன்றம் என்றாலும் முறை இதேதான்.

லாஸ்லெஸ்கட் என்பது மிக்கேல் ஃபின்ஸ்டாட் என்பவர் உருவாக்கிய திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருள். கிட்ஹப் தளத்திலிருந்து இறக்கினால் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் மேக் ஆப் ஸ்டோரிலும் அதே மென்பொருளுக்குச் சிறு தொகை கேட்கும். அந்தப் பணம் அதை உருவாக்குபவருக்கு ஆதரவாகப் போகிறது. ஷாட்கட்டும் திறந்த மூலம்தான். டான் டென்னடி பல ஆண்டுகளாக அதை வளர்த்து வருகிறார். இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீடியோவின் மேல் தங்கள் பெயரை முத்திரையாகப் பதிப்பதில்லை, இத்தனை நாள்தான் இலவசம் என்று கெடு வைப்பதுமில்லை.

வேறு நல்ல மென்பொருள்களும் இருக்கின்றன. ஓப்பன்ஷாட், கேடென்லைவ் இரண்டும் இலவசம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு சினிமா வேலைக்கே போதுமானது. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் இல்லாத லேப்டாப்பில் அது நகராது. பழைய விண்டோஸ் மூவி மேக்கரை இன்னும் தேடுகிறவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே அதை நிறுத்திவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் கண்ட தளத்தில் கிடைப்பதை இறக்காதீர்கள். விலையுள்ள மென்பொருளைக் 'கிராக்' போட்டுத் தருகிறேன் என்று யாராவது பென்டிரைவை நீட்டினால் அதையும் வாங்காதீர்கள். அதனுடன் வைரஸ் வந்தால் போவது உங்கள் லேப்டாப் மட்டுமில்லை, ஒரு பருவம் முழுக்க எடுத்த கூத்துகளும் சேர்ந்து போகும்.

வெட்டுவதற்கு முன்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கேமரா 1080பி அளவில் விநாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஏழரை ஜிபி. எட்டு மணி நேரக் கூத்துக்கு 60 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்று விளிம்புவரை நிரம்பிவிடும். ஆகவே லேப்டாப்பில் இடம் பார்த்து வையுங்கள். முடிந்தால் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் நான் காசு செலவழிக்கச் சொல்வது இதற்கு மட்டும்தான்.

கார்டிலிருந்து நேரடியாக வெட்டாதீர்கள். அப்படியே ஹார்டு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். இரண்டாவது பிரதி வேறோர் இடத்தில் இருக்கும்வரை கார்டை அழிக்க வேண்டாம். ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணை முதலில் போட்டு, பிறகு ஊர், பிறகு கதை என்று எழுதுங்கள். அப்போது ஃபோல்டர்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். இரண்டு வருடம் கழித்து ஒரு கூத்து வாத்தியார் போன் செய்து, "தம்பி, அந்த ஊர்ல நான் துரியோதனன் கட்டினேனே, அது இருக்குதா?" என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.

பல கேமராக்களில், குறிப்பாக 32 ஜிபி வரையுள்ள கார்டு போட்டால், ஒரே கூத்து பல கோப்புகளாக உடைந்து கிடக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்தக் கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் அமைந்தவை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அதனால் கேமரா தானாகவே ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறது. லாஸ்லெஸ்கட்டில் அவற்றைத் தொடுத்து ஒன்றாக்கலாம். எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகத் தேர்ந்து இழுத்துப் போட்டு, டூல்ஸ் பகுதியில் மெர்ஜ் என்பதைத் தேர்ந்து, வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். ஒரே கேமராவில் ஒரே அமைப்பில் எடுத்த கோப்புகள்தான் இப்படிச் சேரும். கேமராவில் பாதி, போனில் பாதி என்றால் இந்த வழி ஆகாது. அதற்கு ஷாட்கட் வேண்டும்.

முதல் வெட்டு லாஸ்லெஸ்கட்டில்

விண்டோஸில் இது அழுத்திய கோப்பாக இறங்கும். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளால் பிரித்து, உள்ளே இருக்கும் லாஸ்லெஸ்கட்டை இரண்டு முறை தட்டினால் திறந்துவிடும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

இது ஏன் வேண்டும்? மற்ற எடிட்டிங் மென்பொருள்கள் வெட்டிய வீடியோவை வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு படத்தையும் பிரித்து, மறுபடி புதிதாக அழுத்தி எழுதுகின்றன. நேரம் பிடிக்கும், தரமும் கொஞ்சம் இறங்கும். லாஸ்லெஸ்கட் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் காட்டிய இடத்திலிருந்து காட்டிய இடம்வரை உள்ள தரவை அப்படியே எடுத்துப் புதுக் கோப்பில் வைக்கிறது. அரை மணி நேரத் துண்டு என்றாலும், கோப்பைக் காப்பி செய்யும் நேரம்தான் ஆகும். பழைய லேப்டாப் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

வீடியோவை அதன் மேல் இழுத்துப் போடுங்கள். ஸ்பேஸ் தட்டினால் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். வேண்டிய இடம் தொடங்கும்போது கீபோர்டில் ஆங்கில ஐ (I) தட்டுங்கள். முடியும்போது ஓ (O) தட்டுங்கள். அது ஒரு துண்டு. கூட்டல் குறியைத் தட்டினால் அடுத்த துண்டு தொடங்கும். வலப்பக்கப் பட்டியலில் துண்டுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதலாம். நான் 'கட்டியக்காரன் வரவு', 'பொன்னுருவி தர்க்கம்', 'சல்லியன் சண்டை' என்று எழுதிவிடுவேன். பிறகு ஈ (E) தட்டினால் எக்ஸ்போர்ட், அதாவது துண்டுகள் புதுக் கோப்பாக வெளியே வரும். தனித்தனிக் கோப்புகளாகவா, சேர்த்து ஒன்றாகவா என்பதை அங்கே தேர்ந்துகொள்ளலாம். தனித்தனி என்றே வையுங்கள். மூலக் கோப்பு தொடப்படாமல் அப்படியே இருக்கும். நீங்கள் குறித்த இடங்களும் ஒரு சிறு கோப்பாகப் பக்கத்திலேயே பதிவாகும் என்பதால் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்.

ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். ஐ தட்டிய இடத்திலேயே துண்டு தொடங்காமல் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கும். காரணம் இதுதான்: வீடியோவில் எல்லாப் படங்களும் முழுப் படங்கள் இல்லை. விநாடிக்கு ஒன்றோ, சில விநாடிகளுக்கு ஒன்றோதான் முழுப் படம் இருக்கும். அதைக் கீஃபிரேம் என்பார்கள். நடுவில் உள்ளவை, முந்தைய படத்திலிருந்து எது மாறியது என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்கும். மறுபடி எழுதாமல் வெட்ட வேண்டுமானால் கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். ஆகவே மென்பொருள் உங்கள் குறிக்கு முன்னால் உள்ள கீஃபிரேமுக்குப் போய்விடுகிறது. கீழே சாவிப் படம் போட்ட பொத்தானால் இதை மாற்றலாம். ஆனால் மாற்றினால் சில பிளேயர்களில் தொடக்கத்தில் படம் உறைந்தோ கறுப்பாகவோ தெரியும். மாற்ற வேண்டாம். இந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு விநாடி கூடுதலாக வருவதால் எதுவும் கெடாது. களத்தில் பதரைத் தூற்றுகிற வேலைதான் இப்போது நடக்கிறது. துல்லியம் அடுத்த கட்டத்துக்கு.

எட்டு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கூத்து நடக்கும்போதே ஒரு காகிதத்தில் நேரத்தைக் குறித்துவிடுங்கள். '11.40, துரியோதனன் திரை. 2.15, கர்ணன் திரை. 3.30, ஜெனரேட்டர் நின்றது.' கேமராவை ஓடவிட்ட நேரம் தெரிந்தால் கழித்துப் பார்த்து அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். இந்தக் காகிதம் மென்பொருளைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

எந்த இடத்தில் வெட்டுவது

எல்லா மென்பொருளிலும் வெட்டும் பொத்தான் ஒன்றேதான். எங்கே வைத்து வெட்டுகிறோம் என்பதில்தான் பார்க்கும்படியான வீடியோவும் பார்க்க முடியாத வீடியோவும் பிரிகின்றன. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கூத்தில் ஒரு வேஷம் நேராக நடந்து வந்துவிடாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் (தாளமில்லாமல் பாடும் பாட்டு) வரும். தலைக்கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். பிறகு தரு (தாளத்தோடு வரும் பாட்டு). அதன் பிறகுதான் திரை விலகும். புதிதாக வெட்டுகிறவர்கள் முகம் தெரியும் இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் வரவின் உயிரே போய்விடுகிறது. விருத்தத்தின் முதல் சொல்லுக்கு முன்னால், முகவீணை (சிறு நாயனம் போன்ற ஊதுகருவி) சுருதி கொடுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நிமிடம் வெறும் துணிதான் தெரியும். தெரியட்டும். அந்தக் காத்திருப்புக்காகத்தான் ஊரே கண் விழித்து உட்கார்ந்திருக்கிறது.

விருத்தத்துக்கு நடுவே வெட்டாதீர்கள். தாளக்கட்டு இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் போலத் தோன்றும். ஆனால் மூச்சு அறுந்தது காதுக்கு உடனே தெரிந்துவிடும். தருவில் வெட்ட வேண்டியிருந்தால் பல்லவி சுற்றி முடிந்து தாளம் விழும் இடத்தில் வெட்டுங்கள். பின்பாட்டுக்காரர்கள் அதே வரியைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது, ஒரு சுற்றை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. முதல் சுற்றின் தாளம் விழும் இடமும் அடுத்த சுற்றின் தாளம் விழும் இடமும் சரியாகப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேசும்போது வேறு கணக்கு. அவர் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவார். ஒரு கணம் எதுவும் நடக்காது. பிறகு கூட்டம் சிரிக்கும். அந்தக் கணத்தை வெற்று இடம் என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது. சிரிப்பே அதிலிருந்துதான் வருகிறது. சிரிப்பு அடங்கும்வரை விட்டு, அதன் பிறகு வெட்டுங்கள். அடவு முடியும் இடத்திலும் இப்படித்தான். வேஷக்காரர் கிறிகி (வேகமான சுழலாட்டம்) சுற்றி நின்றதும் நிறுத்திவிடாமல் இரண்டு விநாடி விடுங்கள். மூச்சு வாங்கும் நெஞ்சும் ஆடிக்கொண்டிருக்கும் புஜக்கட்டையும் தெரியட்டும்.

மைக் சரி செய்வது, டீ கொடுப்பது, மொய் எழுதியவர் பெயரை அரை மணி நேரம் வாசிப்பது இவையெல்லாம் கலைஞருக்குக் கொடுக்கும் துண்டில் வேண்டாம். ஆனால் ஊராருக்குக் கொடுக்கும் பிரதியில் அந்தப் பெயர் வாசிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். யாருக்காக வெட்டுகிறோமோ அவரை மனதில் வைத்துத்தான் எது மிஞ்ச வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியும்.

ஷாட்கட்டில் துல்லிய வெட்டு

இப்போது உங்களிடம் 60 ஜிபி இல்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத் துண்டுகள் சில இருக்கின்றன. ஷாட்கட்டுக்கு இந்த அளவுதான் ஏற்றது. 8 ஜிபி ரேம் இருந்தால் நன்றாக ஓடும்; 4 ஜிபியிலும் சமாளிக்கலாம், அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

திறந்ததும் புதிய புராஜெக்ட்டுக்குப் பெயரும் ஃபோல்டரும் கேட்கும். வீடியோ மோட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்றே இருக்கட்டும். முதலில் போடும் வீடியோவின் அளவையும் வேகத்தையும் அது எடுத்துக்கொள்ளும். ஆகவே எது முக்கியமான கேமராவோ அதன் துண்டை முதலில் போடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் வெளிச்சத்தில் விநாடிக்கு 25 படம் என்று எடுப்பது நல்லது, விளக்கு மினுக்கல் குறையும். போன்கள் பெரும்பாலும் 30 எடுக்கும். இரண்டும் கலக்கும்போது முதலில் போட்டதுதான் அளவுகோல்.

போன் வீடியோவைத் திறந்தால், இதன் வேகம் ஒரே சீராக இல்லை, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று ஷாட்கட் கேட்கலாம். சரி என்று சொல்லுங்கள். போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப விநாடிக்கு எத்தனை படம் என்பதைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. அப்படியே வெட்டினால் போகப்போக உதட்டசைவும் பாட்டும் ஒன்றுக்கொன்று விலகும். மூன்று தரப் படிகள் காட்டும். முதல் படி போதும். எட்டு மணி நேரத்தை இப்படி மாற்ற ஒரு நாளே ஆகிவிடும். பன்னிரண்டு நிமிடத் துண்டு என்பதால் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். முதலில் லாஸ்லெஸ்கட்டில் வெட்டச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

துண்டைக் கீழே உள்ள டைம்லைனுக்கு இழுத்துப் போடுங்கள், அல்லது ஏ (A) தட்டுங்கள். நீளமான பட்டையாக விழும். அதற்குள் சவுண்டு அலையாகத் தெரியும். மிருதங்க அடி ஒவ்வொன்றும் கூராக மேலெழுந்து நிற்கும். இந்த அலையைப் பார்த்து வெட்டப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இடது, வலது அம்புக்குறி தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும். கே நிறுத்தும், எல் முன்னால் ஓட்டும், ஜே பின்னால் ஓட்டும். எல் எழுத்தை இரண்டு முறை தட்டினால் வேகமாக ஓடும்.

டைம்லைனில் வீடியோவோடு நகரும் செங்குத்துக் கோட்டை வெட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி எஸ் தட்டுங்கள். பட்டை இரண்டாகும். வேண்டாத பகுதி முடியும் இடத்தில் மறுபடி எஸ். நடுத்துண்டைத் தேர்ந்து எக்ஸ் தட்டினால் அது போய், பின்னால் இருப்பது முன்னே நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். இசட் தட்டினால் துண்டு மட்டும் போகும், இடம் காலியாக நிற்கும். இந்த இரண்டின் வித்தியாசத்தை விரலில் ஏற்றிக்கொள்ளுங்கள். தவறினால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்துத் தட்டினால் பழைய நிலை வந்துவிடும். மூல வீடியோவில் எதுவும் மாறாது என்பதால் தைரியமாக வெட்டிப் பாருங்கள். எஸ், எக்ஸ், இசட் இந்த மூன்றும் கைவந்தால் அடிப்படை எடிட்டிங் உங்கள் கையில் வந்துவிட்டது.

ஒட்டிய இடத்தில் படம் குதிப்பது போலத் தெரிந்தால், பின்துண்டை இழுத்து முன்துண்டின் மேல் கொஞ்சம் ஏற்றி விடுங்கள். ஏறிய அளவுக்கு ஒன்று கரைந்து மற்றொன்று தோன்றும். கூத்தில் இதை அதிகம் பயன்படுத்தாதீர்கள். காட்சி மாறும் இடத்தில் ஒன்று போதும். பட்டையின் மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் தெரியும். அதை உள்பக்கமாக இழுத்தால் கறுப்பிலிருந்து மெல்லத் தொடங்கும். வலப்பக்க மூலையிலும் அப்படியே, மெல்ல முடியும். நட்சத்திரம் சுழல்வது, படம் புரள்வது போன்ற வேடிக்கைகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அரிதாரமும் கண்ணாடிச் சில்லு பதித்த கட்டையும் பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து கண்ணைப் பறித்து வந்தவை. அவற்றுக்கு மேல் நாம் சேர்க்க ஒன்றும் இல்லை.

இரண்டு கேமரா இருந்தால் இன்னொரு வித்தை செய்யலாம். மேடைக்கு நேராக நிற்கும் கேமராவின் துண்டைக் கீழ்த்தடத்தில் போடுங்கள். டைம்லைன் மெனுவில் புதிய வீடியோ தடம் ஒன்று சேர்த்து, பக்கவாட்டில் நின்று போனில் எடுத்ததை மேல்தடத்தில் போடுங்கள். ஒரே மிருதங்க அடி இரண்டு அலையிலும் எங்கே எழும்புகிறது என்று பார்த்து, மேல்பட்டையை நகர்த்திப் பொருத்துங்கள். பொருந்தியதும் போன் தடத்தின் சவுண்டை மூடிவிடுங்கள். இப்போது மேல்தடம் கீழ்த்தடத்தை மறைக்கும். முகம் நெருக்கமாகத் தெரிய வேண்டிய இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எடுத்துவிடுங்கள். இங்கே எக்ஸ் கூடாது, இசட்தான். எக்ஸ் தட்டினால் பின்னால் இருப்பது எல்லாம் முன்னே நகர்ந்து, பொருத்திய தாளம் குலைந்துவிடும். இசட் போட்டால் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். படம் மாறிக்கொண்டே இருந்தாலும் சவுண்டு ஒரே கேமராவிலிருந்து அறுபடாமல் ஓடுவதால், வெட்டியதே தெரியாது.

சவுண்டு மிகவும் சன்னமாக இருந்தால் ஃபில்டர்ஸ் பகுதியில் கெயின் என்பதைச் சேர்த்துக் கொஞ்சம் கூட்டலாம். ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் கேமரா வைத்து எடுத்தபோதே சவுண்டு உடைந்து பதிந்திருந்தால் எந்த ஃபில்டரும் அதைச் சரி செய்யாது. அதற்கு அடுத்த முறை கேமராவை நகர்த்தி வைப்பதுதான் வழி.

பெயர் போட மறக்காதீர்கள். வேஷம் கட்டியவர், பின்பாட்டு, பெட்டி, மிருதங்கம், முகவீணை எல்லாருக்கும் பெயர் வர வேண்டும். ஃபில்டர்ஸில் டெக்ஸ்ட் சிம்பிள் என்பதைச் சேர்த்துத் தமிழில் அடியுங்கள். லதா, நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்காக அடித்ததை ஒட்டினால் புரியாத எழுத்துகள்தான் வரும். பெயரின் எழுத்துகளைச் சம்பந்தப்பட்டவரிடமே ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தங்கள் பெயரை எழுத்தில் அதிகம் பார்த்திராத கலைஞர்கள் இவர்கள். அது பிழையில்லாமல் வர வேண்டும்.

லேப்டாப் திணறினால் செட்டிங்ஸில் பிரிவியூ ஸ்கேலிங் என்பதை 360பி என்று குறையுங்கள். திரையில் தெரிவது மட்டும்தான் மங்கும், வெளியே வரும் வீடியோ அல்ல. அதுவும் போதவில்லை என்றால் அதே செட்டிங்ஸில் பிராக்ஸியை இயக்குங்கள். சிறிய பிரதி ஒன்று தயாரித்து அதை வைத்து வெட்ட விடும். எக்ஸ்போர்ட்டின்போது மூலத்துக்குத் திரும்பிவிடும். போனில் ஹெச்265 என்ற முறையில் பதிந்த வீடியோக்கள் பழைய லேப்டாப்புக்குப் பெரும் சுமை. எடுப்பதற்கு முன்பே போன் கேமராவின் செட்டிங்ஸில் ஹெச்264க்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

அடிக்கடி சேவ் செய்யுங்கள். புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது. எந்த வீடியோவில் எங்கே வெட்டினீர்கள் என்ற குறிப்புதான் இருக்கும். ஆகவே வேலை முடியும்வரை வீடியோக்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றவோ பெயர் மாற்றவோ கூடாது. மாற்றினால் கோப்பைக் காணோம் என்று கேட்கும். இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே எடுப்பதும் கொடுப்பதும்

எக்ஸ்போர்ட் பொத்தானைத் தட்டினால் இடப்பக்கம் நீண்ட பட்டியல் வரும். அதில் யூடியூப் என்பதைத் தேர்ந்து, எக்ஸ்போர்ட் ஃபைல் தட்டி, பெயர் கொடுங்கள். ஹெச்264, எம்பி4 கோப்பு வரும். டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றிலும் ஓடும். ஜாப்ஸ் பகுதியில் எவ்வளவு முடிந்தது என்று சதவீதம் ஓடும். அது முடியும்வரை லேப்டாப்பை மூடக் கூடாது.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால், போன் எண் கொடுத்துச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. சரிபார்த்தால் 12 மணி நேரம்வரை போகலாம். முழுக் கூத்தும் ஒரே வீடியோவாகப் போகும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைக் கசக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள், 2 ஜிபிவரை அப்படியே போகும்.

எங்கே ஏற்றுவதானாலும் முதலில் குழு வாத்தியாரிடம் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகுதான் வெளியே போக வேண்டும். படுகளத்தன்று (துரியோதனன் வீழும் நாள் சடங்கு) அருள் வந்து ஆடுகிற பெண்களும் ஆண்களும் கேமராவில் விழுந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் யாருக்காகவும் நடிக்கவில்லை. அந்தப் பகுதியை நான் இணையத்தில் ஏற்றுவதே இல்லை. ஊர்க்காரர்கள் கேட்டால் அவர்களுக்கு மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்துவிடுவேன். பச்சை மரத்தடியில் அரிதாரம் பூசுகிற, வேஷம் களைகிற காட்சிகளையும் அந்தந்தக் கலைஞரைக் கேட்காமல் போடாதீர்கள்.

பல வீடுகளில் இன்னும் டிவியில் பென்டிரைவ் செருகித்தான் பார்க்கிறார்கள். கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 முறையில்தான் வரும். கார்டுக்குச் சொன்ன அதே 4 ஜிபி வரம்பு இதற்கும் உண்டு. உங்கள் கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் காப்பியே ஆகாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் காப்பி ஆகும், ஆனால் சில பழைய டிவிகள் அதைப் படிக்காது. எனவே கோப்பை மறுபடி லாஸ்லெஸ்கட்டில் போட்டு, காட்சி முடிகிற இடமாகப் பார்த்து இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்பு அந்த பென்டிரைவை ஏதாவது ஒரு டிவியில் செருகி, ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கமும் நடுவும் கடைசியும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.